கிழக்கு வளைவில் எழும் அலை

பிப்ரவரி 19, புதன்

இன்று மாலை மலைத்தேனீக்கள் வந்துவிட்டன. மேல் வராந்தாவின் கிழக்கு வளைவில், வழக்கமான அதே இடத்தில்.

மூவேளை செபம் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளத்துச் சாலையில் லாரி ஏறுவதுபோல் முதலில் சத்தம்தான் கேட்டது. லாரி என்றால் வளைவுகளில் சத்தம் குறைந்து கூடும். இது குறையவே இல்லை. பிறகு சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே ஒரு கரிய புகை வளைந்து வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. அடுத்துச் சொன்ன செபமாலை முடிவதற்குள் வளைவின் அடியில் ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தன, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு.

அங்கம்மாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து கத்தினாள். "கதவ அடைங்கம்மா! மலந்தேனீ! எங்கூர்ல ஒரு எருமையவே கொன்னு போட்ருக்கு!"

"கத்தாதே. மூச்சுக் காற்றுப் பட்டால் அவற்றுக்குப் பிடிக்காது."

"எனக்கு ஒண்ணும் பயமில்லம்மா. காலுதான் தன்னால நடுங்குது."

மடத்துப் பள்ளியில் எங்களுக்கு இயற்கைப் பாடம் எடுத்த சிஸ்டர் லெயோகாதியா ஒரு விதி வைத்திருந்தார்: பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. அறுபது வருடமாக இந்தக் குறிப்பேட்டிலும் அதையே கடைப்பிடிக்கிறேன். ஆகவே பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். இந்தத் தேனீக்கள் இதற்கு முன் இந்த வீட்டைப் பார்த்ததில்லை. வேலைக்காரத் தேனீ இரண்டு மாதம் வாழ்ந்தால் அதிகம். போன வருடம் இங்கிருந்து சமவெளிக்குப் போனவை எல்லாம் எப்போதோ செத்திருக்கும். ராணி ஒன்று வேண்டுமானால் பழையதாக இருக்கலாம். ஆனால் ராணி வழி காட்டுவதில்லை. இருந்தும், எட்டு வளைவுகள் உள்ள வீட்டில் இதே வளைவுக்கு வந்திருக்கின்றன.

பிப்ரவரி 20, வியாழன்

ஜெசிந்தா திருச்சியிலிருந்து டெலிபோன் செய்தாள். அங்கம்மாள்தான் செய்தி சொல்லியிருக்க வேண்டும்.

"அம்மா, ஆள் விட்டு நெருப்பு காட்டச் சொல்லுங்க. உங்க இருதயத்துக்கு ஒரு பத்து கொட்டு தாங்காதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"உன் அப்பா இருந்தவரை ஒரு கூட்டையும் கொளுத்தியதில்லை."

"அப்பா உயிரும் அது அடியிலதானே..."

முடிக்கவில்லை அவள். நானும் முடிக்கச் சொல்லவில்லை.

பிறகு பழைய பேச்சு. மே இருபத்தேழாம் தேதி அப்பாவுக்கு முதலாண்டுப் பூசை. அன்று வருவாளாம், பூசை முடிந்ததும் என்னைத் திருச்சிக்கு அழைத்துப் போவாளாம். இந்த முறை சாக்குப்போக்கு வேண்டாமாம். கீழே குளியலறையோடு எனக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறாளாம். எஸ்டேட்டை விற்றபோதே இந்த வீடு என் ஆயுள் வரை என்னுடையது என்று எழுதி வாங்கியிருப்பதை அவளுக்கு நினைவுபடுத்தினேன்.

"அந்த வீட்ல யாருக்காக இருக்கீங்கம்மா?" என்று கேட்டாள்.

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 3, திங்கள்

துவைத்துக் காயப்போட்ட என் வெள்ளைச் சேலைகள் மூன்றிலும் மஞ்சள் புள்ளிகள். மாலையில் கூட்டிலிருந்து ஒரு படை ஒன்றாகக் கிளம்பி வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கழித்துவிட்டு வருகிறது. மழைத் தூறல்போல் விழுகிறது. சோப்புப் போட்டுக் கசக்கியும் சாயம் முழுதாகப் போகவில்லை. கொடியைப் பின்கட்டுக்கு மாற்றச் சொன்னேன்.

"அம்மா ஒரு கலர் சீலை கட்டுனா இந்தத் தொல்லையே இல்ல" என்றாள் அங்கம்மாள்.

விதவைக்கு எது தகும் என்று இவளிடம் கேட்கவில்லை.

மார்ச் 8, சனி

இப்போது தேனடை ஒரு கதவின் பாதி அகலம். அடையே கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் மேல் தேனீக்கள் பல அடுக்காகத் திரைபோல் தொங்குகின்றன. தலை மேலே, வால் கீழே, ஓடு வேய்ந்ததுபோல.

யாராவது நெருங்கினால் ஒரு காரியம் செய்கின்றன. ஒரு மூலையில் உள்ளவை சட்டென்று வயிற்றை மேலே தூக்குகின்றன, பக்கத்திலுள்ளவை தூக்குகின்றன, அப்படியே கூடு முழுதும் ஒரு கரிய, பளபளப்பான அலை சுழன்று ஓடி மறைகிறது. சத்தமும் உண்டு. பட்டுச் சேலையை யாரோ உதறுவதுபோல. 'உன்னைப் பார்த்துவிட்டோம்' என்று சொல்வதற்கு அவற்றிடம் இருக்கும் முறை அது.

தபால்காரர் கேட்டைத் திறந்தார்: அலை. காகம் தாழப் பறந்தது: அலை. அங்கம்மாள் துடைப்பத்தோடு படியேறித் தலையை மட்டும் நீட்டினாள்: பெரிய அலை. தலையை இழுத்துக்கொண்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

ரவை கொண்டுவரச் சொன்னால் மைதா வந்திருக்கிறது. திருப்பி அனுப்பினேன்.

ஒரு சோதனை செய்து பார்த்தேன். வராந்தாவில் நடுவளைவிலிருந்து கிழக்கு வளைவு வரை நடந்தேன். மெதுவாக நடந்தேன், பிறகு வேகமாக. கையை வீசியும் பார்த்தேன். கூடு அசையவில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன். ஆயிரக்கணக்கான கண்கள். ஒன்றுகூட வயிற்றைத் தூக்கவில்லை.

காரணம் தெளிவு. கறுப்பும் அரக்கும்தான் அவற்றுக்கு எதிரியின் நிறம். கரடி, குரங்கு, மனிதன் தலைமயிர். என் சேலை வெள்ளை, தலை வெள்ளை, பின்னால் சுண்ணாம்புச் சுவர் வெள்ளை. அவற்றின் கணக்கில் நான் நிற்கும் இடத்தில் யாரும் இல்லை.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதை. பங்குச் சாமியார் ஏழாம் தலத்தில் ஒரு வரியை விட்டுவிட்டார்.

மாலை, வெளிச்சம் மங்கும் நேரத்தில், கூட்டில் ஓர் அலை எழுந்தது. நான் நடுவளைவில் உட்கார்ந்திருந்தேன். அங்கம்மாள் கீழே. கேட் பூட்டியிருந்தது. காற்று இல்லை. காகம் இல்லை. கிழக்கு மூலைப் பக்கத்திலிருந்து தொடங்கி மேலே ஓடியது.

மார்ச் 15, சனி

அதே நேரம். அதே மூலையிலிருந்து.

மார்ச் 17, திங்கள்

அந்த மூலையில்தான் என் கணவர் இஞ்ஞாசியின் பிரம்பு நாற்காலி இருந்தது. சாமான் அறையில் போட்டிருந்தேன். அங்கே கரையான் பிடிக்கும் என்பதால் இன்று அதைத் துடைத்து மறுபடி வராந்தாவில், பழைய இடத்தில் போட்டேன். வேறு இடமும் தோதாக இல்லை.

மாலை: அலை வந்தது. மூன்று முறை, ஒன்றன்பின் ஒன்றாக. யாரோ உட்கார்ந்து, சாய்ந்து, காலை நீட்டினால் எப்படி வருமோ அப்படி.

மேலே உள்ள வாக்கியத்தின் கடைசிப் பகுதி விதிக்குப் புறம்பானது. அடித்துவிட நினைத்தேன். குறிப்பேட்டில் அடித்தல் இருந்தால் பார்க்க நன்றாக இராது என்பதால் விட்டுவைக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு. உயிர்ப்புப் பெருவிழா

ஜெசிந்தா நேற்று வந்தாள், இன்று மதியம் கிளம்பிவிட்டாள். அரக்கு நிறச் சுடிதார், தலையில் ஏதோ வாசனைத் தைலம். மேலே வந்து ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். கூடு முழுதும் அலை அலையாகப் புரண்டது. சில தேனீக்கள் பறந்து வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றன.

"அசையாதே. வாயை மூடு" என்றேன்.

அவை திரும்பிப் போயின. கீழே வந்ததும் அழுதாள். முப்பத்தெட்டு வயதுப் பெண்.

"அப்பா இருந்தா இப்படியா சொல்வாங்க? 'சிட்டு, அசையாம இரு, அதுவாப் போயிரும்'ன்னு சொல்வாங்க. நீங்க ஒரு தடவையாவது என்னைச் சிட்டுன்னு கூப்பிட்டிருக்கீங்களா?"

"ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் நல்ல பெயர்."

"நல்ல பெயர்தான்மா" என்று சொல்லிச் சிரித்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டே. அதில் அவள் அப்பாவின் சாடை.

நாற்காலி மறுபடி வராந்தாவுக்கு வந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். அதன் பக்கத்தில் முக்காலி, முக்காலி மேல் இரண்டு டம்ளர்.

"ரெண்டு எதுக்கு?"

"ஆற்றுவதற்கு."

மதியச் சாப்பாட்டில் ஆட்டுக்கறியில் உப்பு அதிகம்.

ஏப்ரல் 9, புதன்

காப்பி பூத்துவிட்டது. மலைச்சரிவு முழுதும் வெள்ளை. மல்லிகை போன்ற அந்த மணம் வீட்டுக்குள் வந்து தலை கனக்கிறது. விடிந்தது முதல் தேனீக்கள் ஓயவில்லை. மாலையில் மேற்கே, மரங்களுக்கு மேலே, வால் நட்சத்திரம் தெரிகிறது. அங்கம்மாள் அதைப் பார்க்க மறுக்கிறாள்.

சில நாட்களாக மாலையில் செய்தித்தாளை உரக்க வாசிக்கிறேன். உச்சரிப்புக் கெடாமல் இருக்க இது நல்ல பயிற்சி. முதலில் காப்பி விலை, பிறகு மழை நிலவரம், கடைசியில் மரண அறிவிப்புகள். இந்த வரிசை முன்பிருந்தே உள்ளது.

வாசிக்கத் தொடங்கியதும் அலை அடங்கிவிடுகிறது. பக்கத்தைத் திருப்ப நிறுத்தினால் ஒரு சிற்றலை. தொடர்ந்தால் அடங்குகிறது.

ஏப்ரல் 16, புதன்

அங்கம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன், திட்டக்கூடாது."

"சொல். திட்டுவதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்கிறேன்."

"அய்யா வந்துட்டுப் போறாரும்மா."

"இறந்தவர்கள் மூன்று இடங்களில் ஒன்றில் இருப்பார்கள், அங்கம்மா. மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம். மேல் வராந்தா அந்தப் பட்டியலில் இல்லை. திருச்சபை போதிக்காததை இந்த வீட்டில் பேசாதே."

"சரிம்மா" என்று எழுந்தாள். நாலு படி இறங்கித் திரும்பினாள். "அப்ப நாளைக்கும் ரெண்டு டம்ளர்தானே?"

"ஆம்."

ஏப்ரல் 22, செவ்வாய்

பௌர்ணமி. சாப்பாடு முடிந்ததும் வராந்தாவில் நின்றேன். மற்றத் தேனீக்கள் இருட்டில் பறக்காது. இவை நிலவில் பறக்கின்றன. இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை; தோட்டம் முழுதும் ரீங்காரம் மட்டும் போகிறது, வருகிறது. எப்போதும் எரியும் திரு இருதயப் படத்து விளக்கை அணைத்து வைத்தேன். வெளிச்சத்தைப் பார்த்தால் அதில் வந்து மோதிச் சாகும். இஞ்ஞாசிக்கு அது பிடிக்காது.

பிடிக்காமல் இருந்தது.

மே 5, திங்கள்

ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது.

அலை எழும் நேரத்தில் அங்கம்மாள் துணி எடுக்க மேலே வந்தாள். "அந்தா பாருங்கம்மா!" என்றாள். நாற்காலியின் பின்னால், சுவருக்கும் தூணுக்கும் நடுவே, ஒரு பெரிய செங்குளவி அந்தரத்தில் நின்றது. சுண்டுவிரல் நீளம். கூட்டின் ஓரத்தில் தனியாக இருக்கும் தேனீயைக் கவ்வப் பார்க்கிறது. கூடு அலையடித்து அதை விரட்டுகிறது. பின்வாங்கி மறுபடி வருகிறது. என் கண்ணாடி தூரத்துக்கானது அல்ல. மங்கிய வெளிச்சத்தில் அந்த நிறத்துத் தூணுக்கு முன்னால் நான் அதைக் கண்டதே இல்லை.

அங்கம்மாள் பயத்தையெல்லாம் மறந்து துடைப்பத்தால் ஒரே அடி. கீழே விழுந்ததை மிதித்தும் விட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா! அய்யாவுமில்ல, ஆவியுமில்ல. இந்த மூதேவிதான் தெனமும் வந்து படுத்தியிருக்கு. இனிமே நிம்மதியா இருங்கம்மா."

சிஸ்டர் லெயோகாதியா இருந்தால் மகிழ்ந்திருப்பார். காரணம் கண்டுபிடிக்கப்பட்டது.

மே 6, செவ்வாய்

அலை இல்லை.

மே 7, புதன்

அலை இல்லை. செய்தித்தாள் வரவில்லை. பஸ் பழுதாம்.

மே 8, வியாழன்

அலை இல்லை. செய்தித்தாள் வந்தது. வாசிக்கவில்லை.

மே 10, சனி

அங்கம்மாள் பீங்கான் தட்டில் கீறல் விழவைத்தாள். அது பழைய கீறல் என்கிறாள். சத்தம் போட்டேன். தேவைக்கு மேல் போட்டேன் போலிருக்கிறது. "நான் என்ன பண்ணேன்? ஒரு குளவியத்தானே அடிச்சேன்" என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள். குளவியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

மே 11, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. முழங்கால்.

அலை இல்லை.

மே 13, செவ்வாய்

பெட்டியைத் திறந்து இஞ்ஞாசியின் கறுப்புக் கம்பளிக் கோட்டை வெளியே எடுத்தேன். பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்க. அரிக்கவில்லை. சுருட்டு வாசனை அப்படியே இருக்கிறது. இந்த வீட்டில் துவைக்காமல் உள்ளே வைக்கப்பட்ட துணி இது ஒன்றுதான்.

மாலை வராந்தாவில் குளிராக இருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த உடனே அலை எழுந்தது. என் தலைக்கு மேலே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. பட்டு உதறும் சத்தம். நான் கையை எடுத்து மடியில் வைத்தேன்: அலை. காலை நீட்டினேன்: அலை.

இருட்டும் வரை இருந்தேன்.

மே 15, வியாழன்

அங்கம்மாள் திரும்பி வந்துவிட்டாள். ஒன்றும் நடக்காததுபோல் அரிசி களைந்தாள். நான் கோட்டுடன் மாடிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மே மாசத்துல கோட்டாம்மா?"

"குளிர்கிறது."

"எனக்கு வேர்க்குது" என்றாள். அவள் எப்போதுமே அடுப்பருகில் இருப்பவள்.

மே 20, செவ்வாய்

கூடு பொறுமை இழந்திருக்கிறது. காப்பிப் பூ முடிந்துவிட்டது, தேன் குறைகிறது, கிளம்பும் காலம் நெருங்குகிறது; இப்படிப்பட்ட நாட்களில் அவை எளிதில் சீறும். இன்று நாலைந்து இறங்கிக் கோட்டின் கைமேல் உட்கார்ந்தன. ஒன்று கொட்டியது. கம்பளி கனமானது, தோல் வரை வரவில்லை. கொடுக்கு துணியிலேயே நின்றுவிட்டது. உடனே ஒரு வாசனை வந்தது. நன்றாகக் கனிந்த வாழைப்பழ வாசனை. அது கொட்டின இடத்தில் தேனீ விட்டுவைக்கும் அடையாளம். மற்றவற்றுக்கு, 'இங்கே' என்று சொல்வது.

நான் அசையவில்லை. மூச்சை மூக்கால் மெல்ல விட்டேன். அதுவாகப் போய்விட்டது.

இன்னும் சில கொடுக்குகள் துணியில் இருக்கின்றன. முந்தைய நாட்களில் ஏறியவை. கோட்டை நாற்காலியின் முதுகில் மாட்டிவைத்தேன், அவர் மாட்டும் இடத்தில். துவைக்கக் கொடுக்கவில்லை. கம்பளி காய இரண்டு நாளாகும். வாசனையும் போய்விடும்.

எந்த வாசனை என்று யாரும் கேட்கப்போவதில்லை.

மே 26, திங்கள்

தூறல். நாளை பூசைக்கு மெழுகுவர்த்திகள், பூ, சாமியாருக்குக் காணிக்கை எல்லாம் தயார். ஜெசிந்தாவிடம் சொல்ல வேண்டியதை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டேன். வரவில்லை என்பதே பதில். காரணம் கேட்டால் முழங்கால்.

மே 28, புதன்

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

பூசை நன்றாக நடந்தது. பிறகு வீட்டுக்கு வந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது, நல்ல குளிர். நான் கீழே அங்கம்மாளிடம் சாப்பாட்டு மேசையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா என் பெட்டியை எடுத்து வைப்பதாகச் சொல்லி மாடிக்குப் போனாள். வராந்தாவில் அப்பாவின் கோட்டைப் பார்த்திருக்கிறாள். எடுத்து முகத்தில் வைத்திருக்கிறாள். பிறகு போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

கோட்டைத் துவைத்திருக்க வேண்டும்.

கீழே எங்களுக்குக் கேட்டது அவள் குரல் அல்ல. வீடு முழுதும் ஓர் இரைச்சல், மேலே யாரோ பெரிய இயந்திரத்தை ஓட்டியதுபோல. அங்கம்மாள் "அய்யோ, கூடு ஒடஞ்சிருச்சு!" என்றாள். அவளை அடுப்பில் தேங்காய் மட்டையைப் போட்டுப் புகை மூட்டச் சொன்னேன். மேசைமேல் விரிக்க வைத்திருந்த வெள்ளை விரிப்பை எடுத்துக்கொண்டு ஏறினேன். எவ்வளவு நேரத்தில் ஏறினேன் என்று தெரியாது. முழங்கால் வலிக்கவில்லை.

வராந்தா கறுத்திருந்தது. கூடு இருந்த இடத்தில் வெறும் வெள்ளை அடை தெரிந்தது. அதை முதல் முறையாக அப்போதுதான் பார்த்தேன். தேனீக்கள் எல்லாம் நாற்காலியின் மேல் இருந்தன. ஜெசிந்தா ஓடவில்லை, கத்தவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்து, கைகளால் தலையை மூடி, கோட்டுக்குள் சுருண்டிருந்தாள். ஓர் அசைவுகூட இல்லை. செத்துவிட்டாள் என்று எண்ணினேன்.

அவற்றின் நடுவே நடந்தேன். வாயைத் திறக்கவில்லை. மூச்சையும் பிடித்திருந்தேன். கோட்டின் காலரைப் பிடித்து உருவினேன். சின்ன வயதில் அவளுக்குச் சட்டை கழற்றும்போது செய்வதுபோல் அவளே கைகளைத் தளர்த்திக் கொடுத்தாள். கோட்டைக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எறிந்தேன். பாதிக் கூட்டம் அதன் பின்னாலேயே இறங்கியது. வெள்ளை விரிப்பை அவள் மேல் போட்டு, அவள் மேல் நானும் படுத்துக்கொண்டேன்.

புகை ஏறி வந்தது. பின்னால் அங்கம்மாளின் இருமலும், "மாதாவே, மாரியம்மா, யாராச்சும் வாங்க" என்ற வேண்டுதலும்.

அவளைக் கீழே தூக்கி வந்தோம். பக்கத்து எஸ்டேட் ஜீப்பில் மலையிறங்கி ஆஸ்பத்திரி. கழுத்தில், கைகளில், காதோரத்தில் நிறையக் கொட்டுகள். முகம் தப்பியது. பிழைத்துவிட்டாள். எழுந்து ஓடியிருந்தாலோ கத்தியிருந்தாலோ பிழைத்திருக்க மாட்டாள் என்கிறார் டாக்டர்.

என் உடம்பிலும் தேடினார்கள். ஒரு கொட்டும் இல்லை.

மே 29, வியாழன்

ஜெசிந்தாவுக்கு வீக்கம் வடிகிறது. கண் திறந்தாள். ஆரஞ்சு பிழிந்து கொடுத்தேன். விதைகளை எடுத்துவிட்டு.

"அம்மா, நீங்க சொன்னதாலதான் தப்பிச்சேன்."

"என்ன சொன்னேன்?"

"முதல் கொட்டு விழுந்ததும் எழுந்து ஓடத்தான் பார்த்தேன். அப்பத்தான் சொன்னீங்களே, பக்கத்துலயே நின்னு. 'சிட்டு, அசையாம இரு, அதுவாப் போயிரும்'ன்னு. சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நீங்க கோட்டைக் கழட்டுற வரைக்கும்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "முதல் தடவையா சிட்டுன்னு கூப்பிட்டீங்கம்மா."

முதல் கொட்டு விழுந்தபோது நான் கீழே, சாப்பாட்டு மேசையருகில் இருந்தேன். மேலே ஏறிய பிறகு வாயைத் திறக்கவில்லை.

இதை அவளிடம் சொல்லவில்லை. ஆரஞ்சுச் சாறு தொண்டையில் இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, "நல்ல பெயர்தான்" என்றேன்.

கேட்டதை எழுதிவிட்டேன். மற்றதை எழுதவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் எழுதுகிறேன், விதியை மீறி. பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு மாலையும் அந்த வராந்தாவில் இருந்தவள் நான். காப்பி விலை வாசித்தவள் நான். என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 2, திங்கள்

வீட்டுக்கு வந்தேன், சாமான் கட்ட. ஜெசிந்தாவிடம் திருச்சிக்கு வருகிறேன் என்று சொல்லியாயிற்று. அவள் நம்பாமல் இரண்டு முறை கேட்டாள்.

கோட்டு ரோஜாப் பாத்திக்கு அருகில் மழையில் கிடந்தது. கொடுக்குகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்தேன். வெந்நீரில் ஊறவைத்து மூன்று தண்ணீர் அலசினேன். வாழைப்பழ வாசனை முதல் தண்ணீரிலேயே போய்விட்டது. சுருட்டு வாசனை மூன்றாவதில் போனது. முன்பக்கக் கொடியில் காயப்போட்டேன். பின்கட்டில் வெயில் இல்லை.

"சுத்தமாப் போச்சாம்மா?" என்று கேட்டாள் அங்கம்மாள்.

"போயிற்று."

தேனீக்கள் வளைவுக்குத் திரும்பி மறுபடி தொங்குகின்றன. வீட்டைக் கழுவி வெள்ளையடிக்கும்போது கிழக்கு வளைவில் ஒட்டியிருக்கும் மெழுகைச் சுரண்டக் கூடாது என்று அங்கம்மாளிடம் சொன்னேன். வருபவை வேறாக இருக்கும். ஆனாலும் வரும்.

"நாற்காலி?"

"இருக்கட்டும். இருக்கும் இடத்திலேயே."

ஜூன் 4, புதன்

இன்று காலை போய்விட்டன. வெயில் ஏறியதும் கூடு முழுதும் கலைந்தது. உதிர்ந்து விழுவதுபோல் விழுந்து, விழாமல் மேலே எழும்பியது. முற்றத்துக்கு மேல் ஒரு முறை சுற்றின. கொடிக்கு நேர் மேலே சற்று நின்றதுபோல் தோன்றியது. காற்று எதிரே இருந்திருக்கலாம். பிறகு பள்ளத்தாக்கில் இறங்கிப் போயின. சத்தம் வெகுநேரம் கேட்டது.

கார் வந்துவிட்டது. ஜெசிந்தா கீழேயிருந்து கூப்பிடுகிறாள்.

கோட்டு காய்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். போகும்போது தோள் முழுதும், காலரிலும், மஞ்சள் புள்ளிகள் வைத்துவிட்டுப் போயிருக்கின்றன.

மறுபடி துவைக்கவில்லை. அப்படியே மடித்து, என் வெள்ளைச் சேலைகளுக்கு மேலே வைத்துப் பெட்டியை மூடினேன்.